பின் சீட்டுக்காரர்

ஹாலாஸ்யத்துக்குப் பார்வை முழுவதுமாகப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, ஆபரேஷன், மறுபடியும் சொட்டு மருந்து என்று இழுத்துப் பார்த்தார்கள். முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. ஒரு ஆடி மாதத்தில் அந்த வட்டமும் அணைந்தது. நூல் மில்லின் கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டுச் சிம்மக்கல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

அதற்கு முன்னால் மில்லில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கணக்குக்காக அல்ல, சைக்கிளுக்காக. வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு, ஸ்டோர்ஸில் வேலை பார்த்த மலையாண்டியைக் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஒரு தடவை தஞ்சாவூர் வரைகூடப் போயிருக்கிறார்கள். மலையாண்டிக்கு மிதிக்கத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு சைக்கிள்களையும் கொல்லையில் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, வழியில் எது நின்றாலும் சரி செய்து ஓடவிடுவது ஹாலாஸ்யத்தின் இலாகா. கையெல்லாம் கறுப்பு மசி அப்பிக்கொண்டு நிற்கிற அவரைப் பார்த்து அவர் மனைவி அகிலாண்டம், பூணூலையாவது தோளுக்கு மேலே சுருட்டிக்கொள்ளக் கூடாதா என்று கத்துவாள்.

இப்போது அவள் கத்துவதில்லை. யாருமே கத்துவதில்லை. சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டால், பரவாயில்லை, நான் துடைச்சுக்கறேன் என்பாள். மைத்துனன் சுப்பராமன் வந்தால் ஆஸ்பத்திரி வார்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வான். தெருவில் நடந்தால் முன்பின் தெரியாதவர்கள் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் விடுவார்கள். அவர் முன்னால் கண் என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. 'இப்படி ஆனதுக்கு அப்புறம்' என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் அவரிடம் நல்லவர்களாகவே இருந்தார்கள். அந்த நல்லதனம் ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் பிறந்து, பொங்கல் கழிந்த வாரத்தில் மலையாண்டி வாசலில் மணியடித்தான். வெளியே வந்து கை வைத்துப் பாருங்கள் என்றான். ஹாலாஸ்யம் ஹேண்டில்பாரிலிருந்து தடவிக்கொண்டே போனார். சீட் வந்தது. சீட்டுக்குப் பின்னால் சக்கரம் வர வேண்டிய இடத்தில் இன்னொரு ஹேண்டில்பார், அதற்குப் பின்னால் இன்னொரு சீட், கீழே இன்னொரு ஜோடி பெடல். அவனியாபுரத்துப் பட்டறையில் சங்கிலி என்பவனிடம் சொல்லி, இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒன்றாகப் பற்றவைத்திருந்தான் மலையாண்டி. முன்னால் இருப்பவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவர் மிதிக்கலாம். கம்பம் வரைக்கும் போய்விட்டு, வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வரலாம் என்றான்.

ஹாலாஸ்யம் அந்தப் பற்றவைத்த இடங்களையே விரலால் தடவிக்கொண்டு நின்றார். அகிலாண்டம்தான் மலையாண்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்ணீரும் கவலையுமாகப் பேசினாள். அவரை ஒரு வேலையும் செய்ய விடாமல், ஒரு கீறல் படாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதாக அவன் அவளிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். அந்தச் சத்தியம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

விடிந்ததும் கிளம்பினார்கள். ஆரப்பாளையத்தில் பஸ்களின் உறுமலும் டீக்கடை ரேடியோவும் கடந்துபோயின. காளவாசல் தாண்டிய பிறகு ரோடு ஓய்ந்தது. நாகமலையின் அடிவாரக் காற்று வலப்பக்கத்திலிருந்து கன்னத்தில் அடித்தது. கால்கள் பழைய கால்களாக இல்லை. தொடை கொஞ்ச நேரத்திலேயே நடுங்கியது. ஆனால் முகத்தில் காற்று மோதியபோது ஹாலாஸ்யம் முகத்தை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். இந்த வேகத்தை அவர் மூன்று வருஷமாக மறந்தே போயிருந்தார்.

மலையாண்டி சத்தியத்தைக் காப்பாற்றினான். மேட்டில், நீங்கள் மிதிக்க வேண்டாம், காலை சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றான். நாகமலை புதுக்கோட்டையில் பின் டயரில் காற்று கொஞ்சம் குறைந்ததுபோல இருக்கிறது என்று ஹாலாஸ்யம் சொல்லிப் பம்புக்குக் கை நீட்டினார். அவன் பம்பை வாங்கிக்கொண்டான். நிறுத்தின இடத்திலெல்லாம் அவர் கையைப் பிடித்துக் கல்லில் உட்காரவைத்து, மடியில் துண்டைப் போட்டு, டம்ளரைக் கைக்குள் திணித்தான். பழைய மலையாண்டி வழியெல்லாம் ஓயாமல் பேசுகிறவன். ஸ்டோர்ஸ் மேனேஜரைக் கேலி செய்வான், வயிறு பசிக்கிறது என்று புலம்புவான், முட்டி வலிக்கிறது என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவான். இவன் பள்ளம், மேடு, மாடு என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான்.

செக்கானூரணி நெருங்கும்போது ஹாலாஸ்யத்தின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. பின்பக்கமிருந்து 'கடக், கடக்' என்று வந்தது. கொஞ்ச தூரம் இல்லை. பிறகு மறுபடியும் வந்தது. சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது, கோன் தளர்ந்திருக்கிறது என்று அவர் முடிவு பண்ணினார். சக்கரத்தின் நடு அச்சில் இரண்டு பக்கமும் திருகி நிற்கிற துண்டுதான் கோன். அதை ஒட்டி ஓடுகிற இரும்புக் குண்டுகளின் மேல்தான் சக்கரம் சுற்றுகிறது. தளர்ந்தால் சக்கரம் ஆடும், அளவுக்கு மேல் இறுகினால் குண்டுகள் அரைபடும். மலையாண்டியிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, உசிலம்பட்டியில் கடையில் காட்டிக்கொள்ளலாம், நீங்கள் அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றான்.

அந்த 'அலட்டிக்கொள்ளாதீர்கள்' அவருக்கு என்னவோ செய்தது.

செக்கானூரணியில் மலையாண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர் அகப்பட்டுக்கொண்டார். வேப்பமரத்தடியில் ஹாலாஸ்யத்தை உட்காரவைத்துவிட்டு, ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று போனான். போன குரல் டீக்கடைக்குள் சிரிப்பும் பேச்சுமாக நீண்டது. ஹாலாஸ்யம் எழுந்தார். பின் சீட்டுக்குக் கீழே தொங்கின பையைத் திறந்து ஸ்பானரைத் தேடி எடுத்தார். நட்டைத் தளர்த்தினார். கையில் இரும்பு பட்டதும் உடம்பு முழுக்க ஒரு துணிச்சல் ஏறியது. கோனைப் பிடித்துத் திருகினார். முன்னெல்லாம் ரிம் எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே திருகுவார். இப்போது கை சொன்னதை நம்பினார். ஆட்டம் முழுக்கப் போக வேண்டும் என்று இன்னும் ஒரு திருகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் அரைத் திருகு. நட்டை இறுக்கி, ஸ்பானரைப் பைக்குள் போட்டு, கையைப் புல்லில் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். திருட்டு மாங்காய் தின்ற பையனைப்போலச் சந்தோஷமாக இருந்தது.

கருமாத்தூர் வரைக்கும் சைக்கிள் கனமாக ஓடியது. எதிர்க்காத்து என்றான் மலையாண்டி. ஹாலாஸ்யம் வாயைத் திறக்கவில்லை. அவர் மனசுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு மைல் கல்லாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வாலாந்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். அடியிலிருந்து ஒரு கீச்சொலி கிளம்பி, முறுக்கிக்கொண்டு உயர்ந்து, சட்டென்று நின்றது. சக்கரம் பிடித்துக்கொண்டது. சைக்கிள் பக்கவாட்டில் இழுபட்டு, இரண்டு பேரையும் ரோட்டோரத்துச் சரளையில் தள்ளியது. அடுத்த மூச்சுக்குள் ஒரு லாரி, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அவர்களை ஒட்டி உரசிக்கொண்டு போனது. அதன் சூட்டுக் காற்று ஹாலாஸ்யத்தின் முதுகில் பட்டது.

முழங்கை எரிந்தது. வேறொன்றும் ஆகவில்லை. மலையாண்டி முனகிக்கொண்டே எழுந்திருப்பது கேட்டது. முதலில் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கை கால் இருக்கிறதென்று தெரிந்ததும் சைக்கிளிடம் போனான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், அது சுற்றவில்லை. குனிந்து அச்சு நட்டைத் தடவினான், அதில் புதிதாக ஸ்பானர் பட்ட கீறல் இருந்தது.

"கோனத் தொட்டது யாரு?"

"நான்தான்" என்றார் ஹாலாஸ்யம். "செக்கானூரணியில."

அதற்குப் பிறகு வந்தது அவர் எதிர்பார்த்தது அல்ல. "யோவ், அறிவிருக்காய்யா உனக்கு?" என்றான் மலையாண்டி. பத்து வருஷப் பழக்கத்தில் அண்ணே என்றும் நீங்க என்றும் தவிர அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை. "கண்ணுதான் தெரியல, வாயுமா போச்சு? தொட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறங்கிப் பாத்திருப்பேன்ல. லாரி ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தா ரெண்டு பேரையும் சொரண்டித்தான் எடுத்திருக்கணும். எம் பிள்ளைகளுக்கு யாருய்யா பதில் சொல்றது?"

ஹாலாஸ்யம் சரளையில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டார். முகம் சூடேறியது. அவமானமும் பயமும் முதலில் வந்தன. அதற்கப்புறம் அவருக்கும் கோபம் வந்தது. எத்தனையோ காலமாக வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே கிடந்த கோபம்.

"உங்கிட்டச் சொன்னா நீ கேட்டியா? அலட்டிக்காதீங்கன்னே. காத்தடிக்க விடலே, மிதிக்க விடலே, தண்ணி டம்ளரைக்கூட நானா எடுக்க விடலே. அரிசி மூட்டையைக் கேரியர்ல கட்டிண்டு போற மாதிரி என்னைக் கொண்டுபோறே. மூட்டைக்கு எதுக்குடா பெடலு?"

"ஆமா, வீட்டுல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்ல."

"என்னைக் கேட்டுண்டா பண்ணினே?"

இப்படியே இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். தஞ்சாவூர்ப் பயணத்தில் மலையாண்டி பம்பைத் தொலைத்தது வந்தது. கன்னியாகுமரியில் சைவச் சாப்பாட்டுக்காக ஹாலாஸ்யம் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கி அவனைப் பட்டினி போட்டது வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"வெயில் ஏறுது. சண்டைய நெழல்ல வச்சுப் போடுங்க" என்றாள் அவள்.

அவள் பெயர் சோலையம்மாள். சின்னக் குரல், ஆனால் அதட்டிப் பழகிய குரல். இரண்டு பேரையும் புளியமரத்தடிக்கு விரட்டினாள். ஹாலாஸ்யத்தின் முழங்கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஏதோ இலையைக் கசக்கி வைத்தாள். உங்களுக்குக் கண் தெரியாதா என்று நேராக அவரிடமே கேட்டாள். தெரியாது என்றார். எத்தனை நாளாக என்றாள். சொன்னார். அது பாட்டுக்கு இருக்கட்டும், சோறு தின்றீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவள் புருஷன் நல்லகாமன் பருத்தி மூட்டையோடு உசிலம்பட்டிக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்தார். மூட்டைகளுக்கு மேலே அந்த நீளச் சைக்கிளைக் குறுக்காகத் தூக்கிப்போட்டுக் கயிறு கட்டினார்கள். இதில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று நல்லகாமன் விசாரித்துக்கொண்டார்.

வண்டியில் இருவரும் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மாடுகளின் கழுத்துமணியும் சக்கரத்து அச்சின் முனகலும் மட்டும் கேட்டன. ரொம்ப தூரம் போன பிறகு மலையாண்டி மெல்லப் பேசினான். வாய் தவறி வந்துவிட்டது, அண்ணே, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். 

ஹாலாஸ்யம் மூட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். என்ன சொல்வதென்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"மூணு வருஷமா என்னை யாரும் திட்டலே, மலையாண்டி" என்றார். "எந்த ஆத்துலயும் ஒரு சின்னக் குழந்தை தப்புப் பண்ணினாக்கூடத் திட்டு விழறது. எனக்கு விழாது. நான் பண்றது எதுவும் தப்புலகூடச் சேர்த்தி இல்லேன்னு ஆயிடுத்து. இன்னைக்கு நீ கத்தினியே, அப்பத்தான் நான் ஒரு தப்புப் பண்ணினேன்னே எனக்குத் தெரிஞ்சுது. பெரிய தப்புதான். சொல்லாம விட்டது அதைவிடப் பெரிசு."

மலையாண்டி மூக்கை உறிஞ்சினான். நல்லகாமன் திரும்பிப் பார்க்காமலே மாட்டை அதட்டினார்.

உசிலம்பட்டியில் மலையாண்டி போய்ப் புது அச்சும் கோனும் குண்டுகளும் கிரீஸும் வாங்கிக்கொண்டு வந்தான். கடைக்காரரே மாட்டித் தருவதாகச் சொன்னாராம். நான் மாட்டுகிறேன் என்றார் ஹாலாஸ்யம். சரி அண்ணே என்று அவன் சொல்லவில்லை. "மறுபடி கெடுத்தீங்கன்னா, இங்கனயே விட்டுட்டு நான் பஸ் ஏறிருவேன்" என்றான். ஹாலாஸ்யத்துக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கடை ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். பழைய குண்டுகளைக் கழற்றினபோது பாதி தூளாகவே உதிர்ந்தது. விரலில் அந்தத் தூளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். இதை நான்தான் செய்தேன் என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டார். பிறகு கிரீஸைச் சக்கரத்து நடுவிலுள்ள கிண்ணத்தில் தடவிப் புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். ஒன்று உருண்டு போயிற்று. மலையாண்டி எடுத்துக் கொடுத்தான். கோனைத் திருகும் நேரம் வந்ததும் கையை நிறுத்திக்கொண்டு, ரிம் ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்லு என்றார். இன்னும் கொஞ்சம் என்றான் மலையாண்டி. போதும் என்றான். இல்லை, கூடிவிட்டது, கால் சுற்றுப் பின்னால் வாங்குங்கள் என்றான். அப்படியே வாதாடிக்கொண்டு இரண்டு தடவை பிரித்து மறுபடியும் மாட்டினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துப்போய் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் சக்கரம் தண்ணீர் மாதிரி ஓடியது.

ஊர் எல்லை தாண்டியதும் பின்பக்கமிருந்து 'கடக், கடக்' என்று கேட்டது.

இந்த முறை மலையாண்டிக்கும் கேட்டது. இறங்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். சக்கரம் இல்லை. செயின் இல்லை. கேரியர் நட் இல்லை. பிறகு கேரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்தான். அகிலாண்டம் பிரயாணத்துக்கென்று வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர், உள்ளே கிடந்த ஊறுகாய் டப்பாவில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடித்துக்கொண்டிருந்தது. செக்கானூரணியில் கோன் தளரவே இல்லை. ஒழுங்காக இருந்த சக்கரத்தைத்தான் ஹாலாஸ்யம் பிடித்து முறுக்கியிருந்தார். இதை மலையாண்டி சொல்லி முடிப்பதற்குள் அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குருடனுக்குக் காது கூர்மை என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அதையும் நம்பிவிட்டேனே என்றார். குருடன் என்ற சொல்லை அவரே சொல்லி மலையாண்டி கேட்டது அதுதான் முதல் தடவை. மலையாண்டி டம்ளரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் அமுக்கினான்.

ஆண்டிபட்டிக் கணவாய் மேட்டில் ஹாலாஸ்யம் மிதித்தார். பாதியில் மூச்சு வாங்கியது. மலையாண்டி அவரைக் காலை எடுக்கச் சொல்லவில்லை. நல்லா மிதிங்கண்ணே, உங்க பாரத்தையும் சேத்து நானா இழுக்கிறது என்று முணுமுணுத்தான். உச்சியில் இறங்கி நின்று இருவரும் தண்ணீர் குடித்தார்கள். இறக்கத்தில் வளைவுக்கு வளைவு அவன் சொல்லச் சொல்ல இவர் சாய்ந்து கொடுத்தார். அவன் மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தான். ஸ்டோர்ஸில் புதிதாக வந்த மேனேஜர் எப்படி மூக்குப்பொடி போடுவார் என்று நடித்துக் காட்டினான். ஹேண்டில்பாரை ஒழுங்காகப் பிடி என்று இவர் அதட்ட வேண்டியிருந்தது.

அன்று ஆண்டிபட்டியில் தங்கினார்கள். டீக்கடை பெஞ்சில் ஸ்பானர்ப் பையை மலையாண்டி அவர் மடியில் வைத்தான். இனிமேல் காலையில் நீங்கள் பாருங்கள், நீங்கள் பார்த்த பிறகு நானும் ஒரு தடவை பார்ப்பேன் என்றான். கோவித்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னான். கண்டிப்பாகக் கோவித்துக்கொள்வேன், ஆனாலும் பார் என்றார் ஹாலாஸ்யம்.

கம்பம் போய், பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகத் திரும்பினார்கள். வழியில் ஒரு தடவை செயின் அறுந்தது. இரண்டு பஞ்சர் ஆனது. எந்த ஊரில் இட்லி நன்றாக இருந்தது என்பதில் ஒரு பெரிய சண்டை நடந்தது.

சிம்மக்கல் வீட்டுக்குள் நுழைந்ததும் அகிலாண்டம் முதலில் பார்த்தது அந்த முழங்கையைத்தான். மலையாண்டி ஒன்றையும் மறைக்கவில்லை. கோனை, லாரியை, தான் மரியாதையில்லாமல் பேசினதை, அவர் திருப்பிக் கத்தினதை, வண்டியில் அவர் சொன்னதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, சத்தியத்தைக் காப்பாற்றவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றான். அகிலாண்டம் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை ஹாலாஸ்யம் கொல்லையில் கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அகிலாண்டத்தின் காலடி சமையலறை வாசல்வரை வந்து நின்றது. அவள் கொல்லைப்பக்கம் போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"குழாயை யார் மூடுவா? ஒரு வாளித் தண்ணி வீணாப் போறது, அது உங்க காதுல விழலையா?"

குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் நன்றாக ஓங்கியே இருந்தது. ஹாலாஸ்யம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், குழாயை இறுக்கி மூடினார்.